டெல்மர் கையில் ஒரு மூடி

"வெக்கமே இல்லையாய்யா அந்தாளுக்கு? ஒன்பது மணிக்குக் கையில எடுத்தானாம். இன்னும் கீழ வைக்கல!"

காபிக் கோப்பையும் கையுமாகப் பொருமினார் வெண்டல். பக்கத்தில் நின்ற நண்பர் ஆர்வின், சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தார்.

நாலாவது மேஜை, ஜோலீனின் கடை. அதன் முன்னால் மடக்கு நாற்காலியில் டெல்மர். கையில் ஒரு பழைய தோட்டாப் பெட்டியின் மூடி. வெறும் அட்டைதான். மேலே இரண்டு காட்டு வாத்துகள் பறக்கிற படம்.

நெப்ராஸ்காவில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கண்காட்சி அது. பழைய துப்பாக்கி விளம்பரம், தோட்டாப் பெட்டி, வெடிமருந்து டப்பா என்று கிறுக்குப் பிடித்து அலைகிற அத்தனை பேரும் அங்கே ஆஜர். எழுதாத சட்டம் ஒன்று அங்கே உண்டு. ஒரு பொருள் ஒருத்தர் கையில் இருக்கிற வரைக்கும் அடுத்தவர் அதற்கு விலை கேட்கக் கூடாது. கீழே வைத்த பிறகுதான் தொடலாம்.

"அதோட அடிப்பாகம் உன்கிட்டதானே இருக்கு?" என்றார் ஆர்வின்.

"ஆமாய்யா. எங்கப்பா ஆணியெல்லாம் போட்டு வெச்சிருந்த பெட்டி. இருபத்திரண்டு வருஷமா மூடியத் தேடுறேன். கடைசியில இவன் கையிலயா போய் மாட்டணும்!"

"வெறும் மூடிய வெச்சு அவரு என்ன பண்ணப் போறாரு?"

"எனக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான். பதினோரு வருஷக் கடுப்பு."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே ஹாலில், டெல்மர் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்த போஸ்டருக்குப் புதுச் சாயம் பூசியிருக்கிறது என்று சொன்னவர் வெண்டல். சொன்னது பொய்யில்லை. ஆனால் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றோடு பேச்சு நின்றது.

"பேசாம போய்க் கேளேன்."

"நானா? அவன்கிட்டயா? போய்யா!"

சொல்லிவிட்டாரே தவிர, கால் நிற்கவில்லை. காலையில் வந்ததும் ஒரு தடவை அந்த மேஜைக்குப் போய்த் திரும்பியவர், இப்போது சும்மா அந்தப் பக்கம் போகிற மாதிரி மறுபடி நடந்தார்.

டெல்மர் நிமிர்ந்து பார்த்தார். மூடியை மெல்ல மேஜைப் பக்கம் இறக்கினார். விரிப்பைத் தொட ஒரு விரல்கடைதான் பாக்கி.

ஆசை காட்டுறான்! காலையிலயும் இதே வேலைதான் பண்ணினான். கையை நீட்டினா வெடுக்குன்னு இழுத்துக்குவான்!

முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய், அங்கிருந்த வெடிமருந்து டப்பாவை முறைத்தார் வெண்டல்.

அதற்குள் தொப்பிக்காரர் ஒருவர் வந்து நின்றார். "பெரியவரே, முடிவு பண்ணிட்டீங்களா? சுவத்துல மாட்ட எனக்கு இந்த மாதிரி ஒண்ணு வேணும்."

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி." மூடி மறுபடி மடியில் ஏறியது.

பொய்! எங்கே பார்க்கிறார்? வெண்டலுக்கு அதுதான் குடைந்தது. பூதக்கண்ணாடி இல்லை, திருப்பிப் பார்க்கவில்லை, ஓரத்தைத் தடவவில்லை. மனுஷன் மூடியைத் தவிர ஹாலில் மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார். மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

மூன்று மணிக்கு மறுபடி போனார். மறுபடி மூடி இறங்கியது. "இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிவிட்டார்.

மூன்றரைக்குத் தொப்பிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிப் போனார். நாலு மணிக்கு ஹாலை மூடுவதாக அறிவித்தார்கள். வெண்டல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

டெல்மர் அக்கம்பக்கம் ஒரு நோட்டம் விட்டார். மூடியை விரிப்பின் மேல் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மரத்துப்போன கையை உதறியபடி வாசலை நோக்கி நடந்தார்.

அடுத்த நொடி மூடி வெண்டலின் கையில்.

"ஜோலீன், இது எனக்கு! கட்டிக் குடு!" அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒருவழியா கிழவன் அலுத்துப்போயிட்டான். பாத்தியா, தானும் வாங்க மாட்டான், அடுத்தவனையும் விட மாட்டான். நாள் பூரா வயித்தெரிச்சல புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்!"

செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த ஜோலீனின் கை நின்றது.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் உக்காந்தாரு. ஆனா நீங்க பேசறதக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல."

"என்ன சத்தியம்?"

"காலையில நான் கடை விரிச்சதுமே இதப் பாத்துட்டாரு. 'இதோட அடிப்பாகம் வெண்டல்கிட்ட இருக்கு. நான் வாங்கிக் குடுத்தா அவன் தொட மாட்டான். அவன் எடுக்கற வரைக்கும் வேற யாரும் கொண்டு போயிடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்'னாரு."



"என்னம்மா சொல்ற? நான்தான் காலையிலயே வந்துட்டேனே! மூணு தடவ இந்த மேஜைகிட்ட வந்தேனே! அப்பவே கீழ வெச்சிருக்கலாமே?"

"மூணு தடவையும் வைக்கத்தான் போனாரு, வெண்டல். நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க."