எத்தனை அடி

ஏழாம் வகுப்பு அறிவியல் அறைச் சுவரில் செல்லதுரை சார் சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்: குழாய்களை உடைக்காதே. கேட்டால் மட்டும் பேசு. பார்த்ததை மட்டும் சொல், ஊகிக்காதே. அன்று காலை அமலன் ஒரு சோதனைக்குழாயை உடைத்துவிட்டான். சார் மர ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து, அதன் விளிம்பால் அவன் விரல் முட்டிகளில் அடித்தார். தோல் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. வெளியே கல்வி அதிகாரியின் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டதும்தான் ஸ்கேலைக் கைக்குட்டையால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

உள்ளே வந்த அதிகாரி, சுலபமாக ஏதாவது கேட்போமே என்று அந்த ஸ்கேலையே எடுத்து உயர்த்திக் காட்டினார். முன்பெஞ்சில் இருந்த பொற்கொடியிடம், "இது எத்தனை அடிம்மா?" என்றார்.

"பதினொண்ணு சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பாச்சே! சரியா யார் சொல்றீங்க?"

செல்லதுரை சார் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் அமலன் எழுந்தான். சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த வலது கை எழும்பாததால் இடது கையைத் தூக்கினான்.

"பன்னெண்டு சார். முதல் அடி விழுந்தப்போ அவ இன்னும் கிளாசுக்கே வரல."