சத்தம் வராத செய்தி

இடி விழுந்து செட்டாப் பாக்ஸ் கருகிப்போன அன்றுதான், ஜெசிந்தாவின் காது கேளாத மகள் அனிட்டா உள்ளூர்ச் சேனலில் முதல்முறையாகச் சைகைமொழியில் செய்தி வாசிக்க இருந்தாள். கேபிள்காரர் நாளைக்குத்தான் வருவேன் என்றுவிட்டார். ஜெசிந்தா விடவில்லை. வயரைப் பாக்ஸிலிருந்து கழற்றி நேராக டிவியின் பின்னால் சொருகினாள். மெனுவைத் திறந்து, ஆன்டெனா என்றிருந்ததைக் கேபிள் என்று மாற்றி, சேனல்களைத் தேட விட்டாள்.

“பாக்ஸ் இல்லாம எப்படிப் படம் வரும்? சும்மா மெனக்கெடாத,” என்றார் கணவர் சேசுராஜ். மகளை டிவியில் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்துகொள்ளப் பார்த்தார்கள்.

கிடைத்த சேனல்களில் பெரும்பாலானவை பாக்ஸ் இல்லாமல் வராதபடி பூட்டியிருந்தன. திரை கறுப்பாகவே இருந்தது. ஜெசிந்தா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று, பூட்டில்லாத உள்ளூர்ச் சேனலில் நீலச் சேலையில் அனிட்டா வந்து நின்றாள்.

“வந்துட்டா!” என்று துள்ளி எழுந்த சேசுராஜின் முகம் மறுகணமே வாடியது. “சைகைக்குப் பின்னணியில பேசுறவங்க சத்தம் வரலியே. இவ சொல்லுதது இவங்களுக்கு எப்படிப் புரியும்?”

“எம்மவ என்னைக்குச் சத்தம் போட்டுப் பேசினா? நான் சொல்லுதேன், கேளுங்க.”

ஜெசிந்தா டிவிக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள். சைகைமொழியை மகளுக்காகக் கற்றவள் அவள். அனிட்டாவின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல், தெருவுக்கே கேட்கும் குரலில் தொடங்கினாள்:

“வணக்கம். செய்திகள் வாசிப்பது அனிட்டா சேசுராஜ்.”