அஞ்சுல வச்ச ஃபேன்

வெளியில பல்லு தந்தியடிக்கிற குளிர். வீட்டுக்குள்ள ஃபேன் அஞ்சுல சுத்துது. அண்ணன் ஸ்வெட்டர் போட்டு, காதோட மஃப்ளரைச் சுத்திக்கிட்டு, சோபாவுல மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாரு.

பார்த்ததும் தங்கச்சிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அணைச்சாத்தான் என்ன அண்ணா?"

"உங்க அண்ணி போட்டது. நான் கை வைக்க முடியாது." சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தும்மல்.

அண்ணி, பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறையில வெல்டிங் பிரிவுக்குத் தலைவி. ஒரு படை ஆம்பளைங்களை மேய்க்கிறவங்க. வீட்டுலயும் அதே அதிகாரம்தான்னு தங்கச்சி தீர்ப்பே எழுதிட்டா. அவ கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதறவ.

வந்த விஷயத்தை ஒரு வழியா சொன்னா. வேலையை விடப் போறாளாம். அம்பது வயசுல மூளை மழுங்கிப்போச்சாம். வக்கீல் பேசப் பேச வார்த்தை நழுவுதாம். தூக்கமும் போச்சாம். ராஜினாமா எழுதி பைக்குள்ளயே வச்சிருக்காளாம்.

அண்ணன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கிட்டாரு.

'வாயைத் திறக்கக்கூட உத்தரவு வாங்கணும்போல'ன்னு நினைச்சுக்கிட்டு, தங்கச்சி கழுத்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டா. மாடி ஏறி வந்தது இன்னும் அடங்கலை.

போன வருஷம் அண்ணிக்கு மாதவிலக்கு நின்னப்போ உடம்பெல்லாம் குப்புகுப்புன்னு எரிஞ்சது, டாக்டர் மார்பு, எலும்புன்னு எல்லாம் சோதிச்சுப் பார்த்து ஹார்மோன் மருந்து கொடுத்தது, அண்ணி பட்டறைப் பொம்பளைங்களையும் ஒவ்வொருத்தியா அங்க இழுத்துட்டுப் போனது, எல்லாமே இவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்குப்போய் ஊரைக் கூட்டணுமான்னு அப்பவே போன்ல முனகினவதான் இவ.

"மருந்தும் சாப்பிட்டுக்கிட்டு, ஃபேனும் வேணுமாக்கும்! பொண்டாட்டிக்குப் பயப்படுங்க அண்ணா, வேண்டாங்கலை. அதுக்காக ஜன்னி வந்து சாகணுமா?"

விருட்டுன்னு எழுந்து ஸ்விட்ச்ல கை வச்சா.

அதே நேரம் அண்ணி டீயோட வந்தாங்க. ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு ஸ்வெட்டர். காலுக்கு சாக்ஸ். தட்டுல டம்ளரெல்லாம் கடகடன்னு ஆடுது.

தங்கச்சி கை ஸ்விட்ச்லயே நின்னுபோச்சு.

"ராஜினாமாவை நாளன்னிக்குக் கிழிக்கறதா கொடுக்கறதான்னு பார்த்துக்கலாம் நாத்தனாரே. நாளைக்கு நம்ம டாக்டரைப் பார்க்கறோம், சொல்லி வச்சாச்சு. மருந்து வேணுமா வேண்டாமான்னு அவங்க சோதிச்சுச் சொல்லட்டும்."

"எனக்கு எதுக்கு அண்ணி டாக்டர்?"

அண்ணன் மஃப்ளரை இறக்கி மூக்கைத் துடைச்சாரு. அந்த முகத்துல இருந்த பெருமைக்கு ஸ்வெட்டரே தேவையில்லை.

"போன வாரம் வீடியோ கால்ல நீ ஃபைலால விசிறிக்கிட்டே பேசினியே, அப்பவே இவ கண்டுபிடிச்சுட்டா பாப்பா. இவளுக்கு அந்தச் சூடு அடங்கி ஆறு மாசமாச்சு. ஃபேன் உனக்காகப் போட்டது."