வெட்டுப்பட்ட நுனி

கொள்ளுத்தாத்தாவின் மரச்சீப்பில் சிக்கியிருந்த முடியை ஹர்பன்ஸ் சிங் சென்னை ஆய்வகத்தில் கொடுத்திருந்தார். குடித்த தண்ணீரின் தடம் முடியில் தங்கிவிடும். வேரிலிருந்து நுனிவரை படித்தால், வாழ்ந்த ஊர்கள் பின்னோக்கி வரும். சென்னை, டெல்லி, கடைசியில் லாகூர் பக்கத்துக் கிராமம்.

"வெட்டாத முடியோட நுனி ஊசி மாதிரி மெலிஞ்சிருக்கும் சார். இது தட்டையா இருக்கு. கிராமத்துல இருந்தப்பவே வெட்டியிருக்காங்க" என்றாள் ஆய்வாளர் பூங்கோதை.

"பிரிவினைக் கலவரம். வெட்டலைன்னா சீக்கியர்னு தெரிஞ்சு ரயில்லயே கொன்னிருப்பாங்க" என்றாள் மனைவி குல்வந்த்.

'நம் வம்சத்தில் யாரும் முடியில் கத்தரி வைத்ததில்லை' என்று சொல்லித்தான், கனடாவில் வேலைக்காக முடி வெட்டிய மகன் குர்ஷரணை ஹர்பன்ஸ் ஒதுக்கியிருந்தார்.

"குர்ஷரணுக்கு போன் போடு."

"எந்த நம்பருக்குங்க? அவன் புது நம்பர் சொல்லி அனுப்பினப்ப, எழுதிக்கக்கூடாதுன்னீங்களே."