பழைய தேதியில் ஒரு கையெழுத்து

வரிசை நகரவில்லை.

அவளுக்கு முன்னால் நின்றவர், எழுத்தாளரின் இருபத்திரண்டு புத்தகங்களையும் சூட்கேஸில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்ஃபி.

மனிதருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

புத்தகக் காட்சிக்கு அவள் வருவது இது மூன்றாம் நாள். முதல் நாள் எழுத்தாளருக்குக் காய்ச்சல். நேற்று வந்தார். ஆனால் இந்த ஸ்டாலில் வாங்கிய புத்தகத்தில்தான் கையெழுத்துப் போடுவார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்று ஒரு புதுப் பிரதி வாங்கி மேலே வைத்துக்கொண்டாள். பழையது அதற்கு அடியில்.

அந்தப் பழையதுக்காகத்தான் இத்தனை பாடும்.

போகி வருகிறதே என்று வீட்டை ஒழித்தாள். தம்பி அறவாழியின் கல்லூரிக் காலத்துக் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள்.

போன வருடம் வெள்ளையடித்தபோது அலமாரிப் புத்தகங்களையும் அதோடு சேர்த்துக் கட்டியது நினைவே இல்லை. அதற்குள்தான் இருந்திருக்கிறது அவன் வைத்திருந்த, இந்த எழுத்தாளரின் நாவல். எழுத்தாளரே கைப்பட எழுதிக் கொடுத்தது. 'அறவாழிக்கு, அன்புடன்.' பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. மழையில் மூன்று மணி நேரம் நின்று வாங்கினானாம். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவள்தான் அதைக் காட்டுவாள்.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து போன் செய்தான்.

"பொங்கலுக்கு வர்றேன்க்கா. அந்தப் புத்தகத்தை எடுத்து வை."

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருக்கிறதா?

பேப்பர் கடைக்கு ஓடினாள். லாரியில் ஏற்றியாகிவிட்டது.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் நாலு நாள் அலைந்தாள். அதே பதிப்பு, அதே நீல அட்டை, ஒன்றே ஒன்று கிடைத்தது. இனி கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தேதியையும் பழையதாகவே போட்டுக் கொடுத்துவிட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது.

அறவாழி நாளை இறங்குகிறான்.

எழுத்தாளருக்கு ஐந்தரைக்கு மேடையில் பேச்சு. மணி ஐந்து பத்து.

சூட்கேஸ்காரர் நகர்ந்தார். போன உயிர் வந்தது.

எங்கிருந்தோ ஒரு கவிஞர் குறுக்கே வந்தார். தன் கவிதைத் தொகுப்பை எழுத்தாளரிடம் நீட்டினார். நீட்டிவிட்டுப் போயிருக்கலாம். முதல் கவிதையை வாசித்தும் காட்டினார்.

எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு டீ குடித்தார்.

ஐந்து இருபத்தைந்து.

அவள் முறை. புதுப் பிரதியை ஒதுக்கிவிட்டுப் பழையதை முன்னால் தள்ளினாள்.

"மேடம், பழைய புக் கூடாதுன்னு சொன்னோம்ல," என்றாள் ஸ்டால் பெண்.

எழுத்தாளர் அந்தப் பெண்ணைக் கையமர்த்திவிட்டு நிமிர்ந்தார். "பேர் சொல்லுங்கம்மா."

"அறவாழி. என் தம்பி. தேதி மட்டும் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி போடணுங்க. நீங்க போட்டுக் கொடுத்ததை நான் பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்."

சொன்னபிறகுதான், யாரிடம் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவள் காது சுட்டது.

எழுத்தாளர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை.

"சரிம்மா," என்றார். எழுதினார். மூடிக் கொடுத்தார். எழுந்து மேடைக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து, மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரம் நின்று பிரித்தாள்.

'அறவாழிக்கு, இரண்டாம் முறையாக.'

கீழே இன்றைய தேதி.

சரி என்றுதானே சொன்னார்? முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் தொலைப்பதற்கென்ன? கிடைத்த ஒரே பிரதியும் பாழ். இனி எங்கே போய்த் தேடுவாள்? பேரும் புகழும் வந்துவிட்டால் மனிதர்களுக்கு ஈவிரக்கமே இருக்காது போலிருக்கிறது.

ஒரு பஜ்ஜி வாங்கித் தின்றாள். அதுவும் காரம்.

எப்படியும் நாளைக்குத் தெரியத்தான் போகிறது. இன்றே தொலையட்டும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். நடந்ததை இரண்டு வரியில் எழுதினாள். கோபித்துக்கொள்ளாதே என்று எழுதி, அதை அழித்து, மறுபடியும் எழுதினாள்.

அவன் பார்த்துவிட்டான்.

எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

அவள் பஜ்ஜித் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

வந்தது.

"அக்கா, திட்டாதே. அன்னிக்கு என் முறை வர்றதுக்குள்ள அவர் கிளம்பிட்டார். வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சு. பஸ்ல உட்கார்ந்து நானே போட்டுக்கிட்ட கையெழுத்துதான் அது. நீ எல்லார்கிட்டயும் காட்டும்போதெல்லாம் உடம்பு கூசும். இந்தத் தடவை வந்து உன்கிட்ட சொல்லிட்டு அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாம்னுதான் எடுத்து வைக்கச் சொன்னேன்."

இரண்டு முறை படித்தாள்.

பதினோரு வருடம். மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். கேஸ் இணைப்பு சரிபார்க்க வந்தவரிடம் காட்டியிருக்கிறாள்.

"நீ வா. உனக்குப் பொங்கல் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்று எழுதினாள். அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

"சரி. போட்டோ ஆடியிருக்கு. தெளிவா இன்னொண்ணு அனுப்பு."

தட்டைக் கீழே வைத்தாள். எண்ணெய் விரல்களை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வெயில் இன்னும் மிச்சமிருந்த இடமாகப் பார்த்து நகர்ந்தாள்.