கதவுக்கு அந்தப் பக்கம்

அந்தக் கல்நெஞ்சக்காரியிடம் ஒரு நாயைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்று, அப்பா போன அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் கதறியபோது, அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தி அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அம்மா இருந்திருந்தால் இப்படியா நின்றிருப்பாள் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நேற்றுப் போய்க் கேட்டேவிட்டாள்.

"அப்பாவோட நாய் என்கூட இருக்கட்டும் சித்தி. உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு?"

"கூட்டிட்டுப் போ. அது சாப்பிடுற தட்டையும் எடுத்துக்கோ."

அவ்வளவுதான். தனியாகக் கிடக்கும் வீட்டில் துணைக்கு இருந்த ஒரே ஜீவனை அனுப்பிவிட்டு, வாசல் வரைகூட வரவில்லை.

நாயின் பெயர் வாலு. நாய்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன, எதில் சந்தோஷப்படுகின்றன என்று ஆராயும் பல்கலைக்கழகத்துக்கு அப்பாதான் அதைத் தவறாமல் அழைத்துப் போவார். "என் பையன் காலேஜுக்குப் போறான்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்வார். இன்றைக்கு இவள் அழைத்து வந்திருந்தாள்.

கம்பளம் விரித்த அறை. திரைச்சீலை வழியாக மத்தியான வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நீங்க இந்தக் கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்து அழுற மாதிரி நடிங்க மேடம்" என்றாள் ஆராய்ச்சி மாணவி. "கதவு லேசாத்தான் சாத்தியிருக்கும். வாலு என்ன பண்றான்னு கேமராவில பாக்குறேன். அவன் பயந்தா உடனே நிறுத்திடலாம்."

நடிக்கத்தான் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விசும்பியது, பக்கத்து அறையில் வேறு யாரோ அழுவதுபோல அவளுக்கே கேட்டது. எங்கே இருக்கிறோம் என்பதே மெல்ல நழுவியது. தெருக்கோடியில் அப்பா நடந்துபோவது தெரிந்தது. கூப்பிட்டால் திரும்புவார் என்று தோன்றியது. அதற்குள் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு வாலு உள்ளே வந்தான். குரைக்கவில்லை. கதவைச் சுற்றி வந்து, உடம்பால் தள்ளி முழுசாகச் சாத்தினான். பிறகு அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ, மாணவி வந்து நின்றதே தெரியவில்லை.

"திறந்துகிட்டு வர்ற நாய்ங்க உண்டு மேடம். உள்ள வந்து கதவைச் சாத்துற நாயை இப்பத்தான் பாக்குறேன். கடைசியா உங்கப்பா இதே மாதிரி நடிச்சப்போ வெளியவே நின்னு குரைச்சுக்கிட்டிருந்தான். இந்த ரெண்டு மாசத்துல யார்கிட்ட பழகினான்?"

அவள் போனை எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றாள் சித்தி, எப்போதும் போல வறண்ட குரலில்.

"வாலுவைக் கூட்டிட்டு வரேன் சித்தி. நானும் வந்து இருக்கேன்." வாலுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "இனிமே கதவைச் சாத்திக்கிட்டு அழாதீங்க."