முருகையன் ஓடவில்லை

மில் வாசலில் முதல் துப்பாக்கி வெடித்தபோது முருகையன் பாய்லரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முள் ஏறிக்கொண்டே இருந்தது.

காலையில் வழக்கம்போலத்தான் நெருப்பு மூட்டினான். புதுச்சேரியில் மில்லுக்கு மில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு இருக்கிற வேலை நாளைக்கு இருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளைக் குறைக்க வேண்டாமென்று தொழிலாளர்கள் மில்லின் பிரெஞ்சுத் துரையான பெரிய முசேவிடம் கேட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நடுப்பகலில் மிஷின்களை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

முருகையனும் அவர்கள் பக்கம்தான். ஆனால் மிஷின் நின்றுவிட்டால் நீராவிக்குப் போக்கிடம் ஏது? அடுப்பு நிறையக் கரி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

சிப்பாய்கள் உள்ளே நுழைந்ததும் ஆட்கள் பின்மதிலைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள்.

அவன் தம்பி வேம்பு மட்டும் எதிர்த்திசையில் ஓடிவந்து பாய்லர் அறை வாசலில் நின்றான்.

"வாண்ணே, சுட்டுகினே வராங்க. மொதலாளி பாய்லர்தான, வெடிச்சா வெடிச்சிட்டுப் போவுது."

நீ போ என்றான் முருகையன். வேம்பு நகரவில்லை. நீ இல்லாமல் உழவர்கரை வீட்டுக்குப் போய் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான்.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. முருகையன் நீராவியைத் திறந்துவிட்டான். எழுந்த இரைச்சலில் துப்பாக்கிச் சத்தம்கூட அமுங்கிப்போயிற்று.

திறந்துவிட்டு ஓடிவிடவும் முடியாது. அடியில் நெருப்பிருக்க உள்ளே தண்ணீர் வற்றினால், பாய்லர் சுவரோடு பிய்த்துக்கொண்டு போகும். நெருப்பை வெளியே எடுத்தே ஆகவேண்டும்.

நீளமான இரும்புக் கம்பியால் கங்குகளை இழுத்து இழுத்துத் தரையில் தள்ளினான். புருவம் கருகியது. முழங்கையில் தோல் உரிந்தது.

இன்னும் கொஞ்சம்தான் என்று வாசலைப் பார்த்து அவ்வப்போது கத்தினான். வேம்பு கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது ஆவிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அவன் பதில் சொன்னானா என்பது இரைச்சலில் காதில் விழவில்லை.

கடைசிக் கங்கும் வெளியே வந்தது. முள் இறங்கியது. இரைச்சல் ஓய்ந்தது.

முருகையன் கம்பியைப் போட்டுவிட்டுத் தம்பியின் தோளைத் தொட்டான்.

"முடிஞ்சிடுச்சிடா. எழுந்திரு, போலாம்."

வேம்புவின் சட்டை முதுகுப்பக்கம் முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது.

மில்லை மறுபடி திறந்தபோது, அந்த அறைக்குள் இனிக் கால் வைக்காதே என்று வீட்டில் அழுதார்கள். முருகையன் போனான். வேறு எங்கே போவது?

முதலாளியின் இரும்புக்காகக் கூடப்பிறந்தவனைக் காவு கொடுத்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவன் காதில் விழாமல் இல்லை. அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

பஞ்சு பிரிக்கிற ஜெயம்தான் ஒருநாள் நேராகவே வந்து கேட்டாள். இடுப்பில் குழந்தை இருந்தது. அன்றைக்கு நீயும் ஓடியிருந்தால் உன் தம்பி பிழைத்திருப்பானே, ஏன்தான் ஓடவில்லை என்று கேட்டாள்.

முருகையன் குழந்தையைப் பார்த்தான். அது அவன் கரிபிடித்த கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"நெருப்பு எரிஞ்சிகினு இருந்துச்சிம்மா."

ஜெயம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவள் வேலை செய்கிற பஞ்சுக் கிடங்கு, பாய்லருக்குப் பின்னால் அந்த ஒற்றைச் சுவருக்கு மறுபுறம் இருந்தது. அன்றைக்கு அவளும் இன்னும் சில பெண்களும் கைக்குழந்தைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்ததும் அங்கேதான்.

அவர்கள் உள்ளே போனதை முருகையன் ஒருவன்தான் பார்த்தான்.